பழைய பீர் கெக்: அக்கானிக்கு ஆகும், சோடாவுக்கு ஆகாது

வீட்டிலேயே பீர் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில், மதுக்கடையிலிருந்து கழிந்துவரும் பீர் கெக்கை (பீர் அடைத்து அனுப்பும் உலோகப் பீப்பாய்) வாங்கித் திறந்து கழுவி வேறு வேலைக்கு மாற்றிக்கொள்வது பழகிப்போன ஒன்று. அமெரிக்காவில் 1978-இல் சட்டம் வழிவிட்ட பிறகு அந்தக் கைவேலை நன்றாகவே வளர்ந்தது. நம்மூரில், அதாவது தமிழ்நாட்டில், பீர் காய்ச்ச இடமில்லை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது, கள் இறக்கவும் தடை. என்றாலும் அதே கெக் குளிர்பானம் ஊற்றுபவர்களின் கண்ணில் இப்போது பட ஆரம்பித்திருக்கிறது. கோடையில் அக்கானி (பதநீர்) விற்பவர்கள், பந்திக்குச் சாமான் வாடகைக்கு விடுபவர்கள், இஞ்சி சோடாவும் நன்னாரி சர்பத்தும் போடுகிற கடைக்காரர்கள் என்று பலரும் கேட்பது ஒரே கேள்வி: வாங்கலாமா?

இங்கே எடைபோடுவது 50 லிட்டர் கொள்ளும் ஐரோப்பிய வகை எவர்சில்வர் கெக். சோடாக் கம்பெனிகள் ஒரு காலத்தில் சிரப் நிரப்பி அனுப்பிய 19 லிட்டர் கார்னிலியஸ் கெக்கை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். சாமான் அருமையானது. 304 தர ஸ்டீல், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு, காலியாக 10 முதல் 13 கிலோ எடை. மேலும் கீழும் உருட்டுவதற்கு வளையம். லாரியிலிருந்து டயர் மேல் தள்ளிவிட்டாலும் தாங்கும். குளிர்ந்த பானத்தை நிரப்பி மூடினால் தூசி, ஈ, கை எதுவும் உள்ளே போகாது. அலுமினியக் கேனிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ அக்கானியை வைத்துக் கரண்டியால் மொண்டு ஊற்றுவதோடு இதை வைத்துப் பேசவே முடியாது.

குறையும் அதே அமைப்பிலிருந்துதான் வருகிறது. வாய் இரண்டு அங்குலம்தான், கை நுழையாது. உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று நேராகப் பார்க்க முடியாது. கழுவுகிற முறை தெரியாமல் வாங்கினால் நாலாவது வாரம் புளித்த வாடை அடிக்கும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போகாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மேல் வளையத்தில் கொள்ளளவு, வெற்று எடை, செய்த ஆண்டு, தாங்கும் அழுத்தம் எல்லாம் பொறித்திருக்கும். பெரும்பாலான பீர் கெக்குகளில் 3 பார் என்று இருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோடா விஷயத்தில் முடிவு சொல்லப்போவது இதுதான். அதன் பக்கத்திலேயே மதுக் கம்பெனியின் பெயரும் பொறித்திருந்தால் கவனம் தேவை. கெக்கைக் கம்பெனிகள் வழக்கமாக விற்பதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு சுற்றில் விடுகின்றன, கெக் அவர்கள் உடைமையாகவே இருக்கிறது. ஆகவே ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) மலிவாகக் கிடக்கிறதே என்று தூக்கி வரக் கூடாது. கழித்துக்கட்டியதற்கான பில் காட்டுகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். பில் தரத் தயங்கினால் அத்தோடு விட்டுவிடுவது நல்லது.

காந்தம் வைத்துத் தரம் பார்க்கும் பழக்கம் இங்கே உண்டு. அதை நம்ப வேண்டாம். தரம் குறைந்த 200 வரிசை ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது. நல்ல 304-ம் வளைத்த இடத்திலும் பற்றவைத்த இடத்திலும் லேசாக ஒட்டும். அதைவிட, வயிற்றுப் பகுதியில் பற்றவைத்த கோட்டைச் சுற்றி விரலால் தடவுங்கள். ஊசி குத்தியது போன்ற பழுப்புப் புள்ளி இருந்தால் அங்கே அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மேலோட்டமான அமுக்கு பரவாயில்லை. அடிப்பக்கம் வெளியே புடைத்திருந்தால் வேண்டாம், உள்ளே உறைந்துபோய் உப்பியதாக இருக்கலாம். அலுமினியக் கெக்கையும் தள்ளிவிடுங்கள், அதில் கழுவப் போடும் காரம் பட்டால் உலோகமே கரையும்.

கூடவே கப்ளர் என்ன வகை என்று கேட்க வேண்டும். கெக்கின் தலையில் பூட்டிக் கார்பன் டை ஆக்சைடு கேஸை உள்ளே விட்டு பானத்தை வெளியே எடுக்கும் சாதனம் அது. ஏ, டி, ஜி, எம், எஸ், யூ என்று ஆறேழு வகை உண்டு. ஒன்றுக்கொன்று சேராது. டி வகையும் எஸ் வகையும் பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும். எஸ் வகையின் முனை சற்று நீளம், அதனால் மாற்றிப் போட்டால் பூட்டும்போதே ஒழுகும். கப்ளர் இல்லாமல் கெக்கை மட்டும் விற்பவரிடம் விலையைக் குறைத்துத்தான் கேட்க வேண்டும். கெக்கைவிட இந்தத் தலைதான் தேடி அலைய வைக்கும்.

திறப்பது: இதில் அவசரம் ஆகாது

கெக்கின் நடுவே மேலிருந்து அடிவரை ஒரு குழாய் இறங்குகிறது. ஸ்பியர் என்பார்கள். அதன் தலையில் ஸ்பிரிங்கோடு வால்வு. காலி கெக்கிலும் கேஸ் அழுத்தம் தங்கியிருக்கும். அதை வெளியேற்றாமல் ஸ்பியரைக் கழற்றினால் துப்பாக்கிக் குண்டு மாதிரி மேலே பாயும். வெளிநாடுகளில் இப்படி உயிரே போயிருக்கிறது. லேத்துப் பட்டறையில் கொடுத்து "கழட்டிக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வருவதற்கு முன் அந்த அண்ணனுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

கப்ளர் இருந்தால் வேலை எளிது. கேஸ் குழாய் மாட்டாமல் கப்ளரைப் பூட்டி, பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்துப் பிடித்தால் சீறிக்கொண்டு வெளியேறும். சத்தம் முழுதும் அடங்கும்வரை விடக் கூடாது. கப்ளர் இல்லையென்றால் தடித்த ஈரத் துணியைத் தலைமேல் போட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் நடு வால்வை அமுக்க வேண்டும். முகம் கெக்கின் நேர் மேலே வரக் கூடாது. மிச்சமிருக்கும் பழைய பீர் தெறிக்கும். இரண்டு தடவை, சற்று இடைவெளி விட்டு மூன்றாவது தடவையும் அமுக்கிப் பாருங்கள். மூச்சுக்காற்று அளவுகூட வராதபோதுதான் காலி.

அடுத்தது பூட்டு. டி வகையில் வால்வைச் சுற்றி ஒரு தட்டையான சுருள் வளையம் இருக்கும். அதன் நுனியை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, சுற்றிலும் கிளப்பி எடுத்தால் ஸ்பியரைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பித் தூக்கிவிடலாம். எஸ் வகையில் பெரும்பாலும் கழுத்தில் மரை போட்டிருக்கும். அதற்கு இரண்டு காதுள்ள தனிச் சாவி வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டினால் காது உடைந்து ஸ்பியர் வீணாகும். நாகர்கோவில் லேத்துப் பட்டறையில் கழுத்தின் அளவைக் காட்டினால் அந்தச் சாவியைக் கடைந்து கொடுப்பார்கள். இறுகியிருந்தால் கழுத்தின் மேல் சுடுதண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் திருப்புங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், உள்ளே இறங்கினால் பிறகு கழுவி மாளாது.

திறந்தவுடன் ஸ்பியரின் அடியில் உள்ள ரப்பரையும் கழுத்து வாஷரையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாற்றுவதே முறை. இங்கே ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. பேரிங் கடையிலும் ஆயில் சீல் கடையிலும் கிடைக்கும் கறுப்பு ஓ ரிங் அளவு சரியாக உட்காரும், ஒழுகாது. ஆனால் அது எஞ்சினுக்குச் செய்தது. பானத்தில் டயர் வாடை ஏறும். உணவுத் தரம் என்று எழுதியிருக்கும் சிலிக்கான் அல்லது இ.பி.டி.எம். ரப்பர் கேட்டு வாங்குங்கள். வழுக்குவதற்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவக் கூடாது. இ.பி.டி.எம். ரப்பர் எண்ணெயில் ஊதி இளகிவிடும், தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடையும் தரும். உணவுத் தரச் சிலிக்கான் கிரீஸ் கடுகளவு போதும்.

கழுவுவது: காரம் முதலில், புளிப்பு பிறகு

பீர் இருந்த கெக்கின் சுவரில் இரண்டு வகை அழுக்கு இருக்கும். ஒன்று ஈஸ்ட், புரதம், பிசின் கலந்த வழவழப்பு. இன்னொன்று பீர்க்கல். கால்சியம் ஆக்சலேட் சுவரோடு படிந்து வெளிர்மஞ்சள் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். முதலாவதைக் காரம் கரைக்கும், இரண்டாவதை அமிலம் கரைக்கும். வரிசை மாறினால் அமிலம் கல்லைத் தொடவே முடியாது, ஏனென்றால் கல்லின் மேல் புரதம் போர்வையாகக் கிடக்கிறது. "ஆசிட் ஊத்தியும் போகல" என்று சொல்பவர்கள் செய்த பிழை அனேகமாக இதுவே.

குளிர்ந்த தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டு, சோடியம் பெர்கார்பனேட் என்னும் காரத் தூளை லிட்டருக்கு 8 கிராம் வீதம், 50 லிட்டருக்கு 400 கிராம், சுமார் 60 டிகிரி வெந்நீரில் கரைத்து கெக்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். கை நுழையாத பாத்திரத்துக்கு முழுக்க நிரப்பி ஊறவைப்பதுதான் தேய்ப்புக்குப் பதில். ஓர் இரவு போதும். ஸ்பியரையும் அதே கரைசலில் தனியே போட வேண்டும், அதன் குழாய்க்குள் நீளப் பிரஷ் விட்டுத் தேய்க்கவும் வேண்டும். வாடை பெரும்பாலும் கெக்கில் இருப்பதில்லை, இந்தக் குழாயிலும் வால்வு ஸ்பிரிங்கிலும்தான் ஒளிந்திருக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: பெர்கார்பனேட் கரையும்போது ஆக்ஸிஜன் விடும். கெக்கை மூடினால் அழுத்தம் ஏறும். வாய் திறந்தே இருக்கட்டும்.

பெரிய மதுக் கம்பெனிகள் இதற்குக் காஸ்டிக் சோடா போடுகின்றன, நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற கணக்கில், 70 முதல் 80 டிகிரிச் சூட்டில். அது வேகமாகவும் மலிவாகவும் வேலை செய்யும். வீட்டிலும் சின்னக் கடையிலும் அதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வை போகும். அப்படியும் போடுகிறவர்கள் கண்ணாடியும் முழங்கைவரை கையுறையும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கெக்குக்குள் கார்பன் டை ஆக்சைடு மிச்சம் இருந்தால் அதைக் காஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும். கழுவுகிற திறன் குறைவதோடு, மூடிய பாத்திரத்தில் வெற்றிடமும் உண்டாகும். அதனால் முதலில் தண்ணீர் நிரப்பிக் கேஸை வெளியேற்றிவிட வேண்டும். அலுமினிய வாளி, கரண்டி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

காரத்தை நன்றாக அலசிய பிறகு எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் அமிலம். 5 லிட்டர் வெந்நீரில் 250 கிராம். கெக்கில் ஊற்றி, துளையுள்ள கார்க்கால் வாயை அடைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டி அரைமணி நேரம் உருட்டுங்கள். வெந்நீர் 60 டிகிரி இருந்தால் நல்லது. இதில் இரட்டைப் பயன் உண்டு. படிவைக் கரைப்பதோடு, ஸ்டீலின் மேல் ஒட்டிய இரும்புத் துகளையும் எடுத்துவிடுகிறது. துரு பிடிக்காமல் காக்கும் குரோமியப் படலம் திரும்ப உருவாக அது உதவும். மெல்லிய பீர்க்கல்லுக்கு இது போதும். தடித்த கல் இருந்தால் சிட்ரிக் தோற்கும். பால் குளிரூட்டும் தொட்டிகளில் பால்கல் எடுக்கப் பயன்படுத்துகிற பாஸ்பாரிக் கலவையை, டப்பாவில் எழுதிய அளவில் போட வேண்டியிருக்கும்.

சில பொருட்களை எந்த நிலையிலும் கெக்கில் ஊற்றக் கூடாது. கழிவறை கழுவும் ஆசிட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, எவர்சில்வரை ஓட்டை போட்டுவிடும். பிளீச்சிங் பவுடரும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் உறையப் போடும் ஃபார்மிக் ஆசிட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக அதையும் எடுக்கக் கூடாது. தோலைப் பொசுக்கும், உணவுப் பாத்திரத்துக்கு ஆகாது. இரும்பு நார் போட்டு வெளிப்பக்கம் தேய்ப்பவர்கள் அடுத்த மாதம் துருக் கோடு பார்ப்பார்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது முக்கியம். மலையோரக் கிணற்றுத் தண்ணீரில் கவலையில்லை. மணக்குடி, ராஜாக்கமங்கலம், குளச்சல் என்று கடலோரம் வரவர உப்பு ஏறுகிறது. 304 ஸ்டீலுக்குக் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரமோ 250 வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 1000 வரையும் விடுகிறது. குடிக்கத் தகுந்த தண்ணீர் கெக்குக்குத் தகாததாக இருக்கலாம். கடைசி அலசலுக்காவது மழைத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுங்கள். உப்புத் தண்ணீரை உள்ளே தேங்கவிட்டு மூடி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய ஸ்பியரைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. கெக்குக்குள் சின்ன எல்.இ.டி. விளக்கைக் கயிற்றில் இறக்கி, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கைக்கண்ணாடியால் தோள்பட்டை வளைவைப் பாருங்கள். கெக் நிமிர்ந்தே இருந்தால் ஊறும் கரைசல் அந்த வளைவைத் தொடாமல் போயிருக்கலாம்.

பானம் நிரப்புவதற்குச் சற்று முன்பு, 80 டிகிரி வெந்நீரை நிரப்பி 20 நிமிடம் வைத்தால் கிருமி நீங்கும். கொட்டிய உடனே மூடக் கூடாது. சூடான காற்று ஆறும்போது உள்ளே வெற்றிடமாகும். வாயில் கொதிக்க வைத்த துணியைப் போட்டு ஆறவிடுங்கள்.

சோடாவுக்கு ஏன் வேண்டாம்

ஒரு நல்ல சோடாவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்றரை முதல் நான்கு லிட்டர் வரை கேஸ் கரைந்திருக்கும். 5 டிகிரி குளிரில் ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், சுமார் 1.4 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 0.67 லிட்டராக விழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 டிகிரியில், லிட்டருக்கு 3.8 லிட்டர் கேஸ் உள்ள சோடா செய்ய ரெகுலேட்டரில் 1.7 பார் போதும் (ரெகுலேட்டர் முள் வெளிக்காற்றின் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கழித்தே காட்டும்). அதே சோடாவை நம்மூர் அறைச் சூட்டில் செய்ய 4.7 பார் வேண்டும். கெக்கில் பொறித்திருப்பது 3 பார்.

அப்படியானால் குளிரவைத்துச் செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம், அது குளிராக இருக்கும்வரை. ஐஸ் தீர்ந்து கெக் வெயிலில் நின்றால் உள்ளே அழுத்தம் தானாக 4.7 பாரை நோக்கி ஏறும். பாதுகாப்பு வால்வு பல கப்ளர்களில் உண்டு. கப்ளரைக் கழற்றி வைத்துவிட்டால் அந்தக் காவலும் இல்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவிலும் சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்திலும் நெருக்கடியான கூட்டத்துக்கு நடுவே கடை போடுகிற ஒருவருக்கு இந்தச் சாமானைச் சோடாவுக்கு வாங்கச் சொல்ல முடியாது.

அந்த வேலைக்கு 19 லிட்டர் கார்னிலியஸ் கெக்தான். அதில் 130 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 9 பார் என்று பொறித்திருக்கும். புதிதாக வரும் சிலவற்றில் குறைவாகவும் இருக்கலாம், பார்த்து வாங்க வேண்டும். மூடியிலேயே பாதுகாப்பு வால்வு இருக்கிறது, மூடியைத் திறந்தால் கை உள்ளே போகும். கழுவுவதில் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. மூடிக்கு ஒன்று, இரண்டு முனைகளுக்கும் ஒவ்வொன்று, உள்குழாய்கள் இரண்டுக்கும் ஒவ்வொன்று என ஐந்து ஓ ரிங் மாற்ற வேண்டும். பழைய கெக்கில் சிரப் வாடை உலோகத்தில் இல்லை, இந்த ரப்பரில்தான் இருக்கிறது. 19 லிட்டருக்கு நுரை ஏற்ற ஏறக்குறைய 140 கிராம் கேஸ் போகும், ஊற்றித் தீர்க்க இன்னொரு 100 கிராம்.

கேஸ் சிலிண்டரை நிழலில் நிமிர்த்தி வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாக நிற்பதில்லை, அழுத்தம் 73 பாருக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். சித்திரை மாத மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெல்டிங் கடையிலிருந்து வாங்குவதாக இருந்தால் உணவுத் தரக் கேஸா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். ரெகுலேட்டர் இல்லாமல் நேரே இணைப்பது தற்கொலைக்குச் சமம்.

அக்கானிக்கு இது பொருந்துகிற விதம்

அக்கானிக்கு நுரை வேண்டாம், உள்ளே அழுத்தமும் ஏறக்குறைய வேண்டாம். குளிரும் சுத்தமும் போதும். இங்கேதான் பீர் கெக் தன் விலைக்கு வேலை செய்கிறது.

கலயத்திலிருந்து இறக்கியதை நல்ல காடாத் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, கலயத்தில் பூசிய சுண்ணாம்பு அடியில் படியக் கொஞ்ச நேரம் விட்டுத் தெளிவை மட்டும் கெக்கில் நிரப்ப வேண்டும். மேலே கொஞ்சம் இடம் காலியாக இருக்கட்டும். 50 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவரக் கணக்குப்படி 15 கிலோ ஐஸ். வெளிச்சூடும் தின்பதால் 25 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டப்பில் கெக்கை நிறுத்திச் சுற்றிலும் ஐஸ் உடைத்துப் போட்டு, மேலே நனைந்த சாக்கு. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கட்டி வெளியே போட மட்டும், பானத்தில் சேரவே கூடாது. விற்பனை முடிந்ததும் கெக்கின் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், மீன் உப்பு ஒட்டியிருக்கும்.

ஊற்றுவதற்குக் கேஸ் சிலிண்டர்கூட வேண்டாம். கப்ளரோடு பூட்டுகிற கைப்பம்பு போதும், இரண்டு மூன்று அமுக்கில் குழாயில் வரும். அன்றைக்கே தீர்ந்துவிடுகிற பானத்துக்கு உள்ளே போகிற காற்று கெடுதல் செய்யாது. பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் இணைக்க வேண்டாம். எண்ணெய் வாடை வரும், அதன் அழுத்தம் கெக் தாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

மிச்சத்தை மூடி நாளைக்கு வைப்பது மட்டும் நடக்கக் கூடாது. அக்கானியில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சர்க்கரை. 50 லிட்டரில் 5 கிலோவுக்குக் குறையாது. அதில் பத்தில் ஒரு பங்கு புளித்தாலே கால் கிலோ கேஸ் வரும், 30 டிகிரியில் அழுத்தம் 3 பாரை நெருங்கிவிடும். உள்ளே இருப்பதும் அதற்குள் கள்ளாகியிருக்கும், சட்டப்படி அது வேறு பொருள். மாலையில் மிஞ்சியது கருப்பட்டிப் பானைக்குப் போகட்டும்.

அக்கானிக் கெக்கில் படிவது பீர்க்கல் இல்லை, சுண்ணாம்பு. கால்சியம் கார்பனேட் என்பதால் சிட்ரிக் அமிலத்தில் சுளுவாகக் கரையும். கரையும்போது கேஸ் வரும், அதற்குத்தான் துளையுள்ள கார்க். தினமும் வெந்நீர் அலசலும் வாரம் ஒரு தடவை பெர்கார்பனேட், அதன் பின் சிட்ரிக் என்ற சுற்றும் போதுமானது. பருவத்தில் ஒரு நாள் தவறினால் பிசுக்கு ஏறும், அதன் மேல் சுண்ணாம்பு உட்காரும். பிறகு இரண்டும் கலந்த அடுக்கைப் பிரிக்க மூன்று சுற்றுப் போக வேண்டியிருக்கும்.

மேலே வெட்டி அண்டாவாக்கலாமா

வெளிநாட்டில் கெக்கின் தலையை வட்டமாக அறுத்து, பக்கத்தில் அரை அங்குல வால்வு பொருத்திக் கொதிகலமாக்குவது பிரபலம். இங்கே கருப்பட்டி காய்ச்ச அப்படிச் செய்ய நினைப்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். கெக்கின் குறுக்களவு சுமார் 40 சென்டிமீட்டர். நீர் வற்ற அகலம் வேண்டும். 90 சென்டிமீட்டர் வாயுள்ள தட்டைப் பாத்திரத்தில் இதைப் போல ஐந்து மடங்கு பரப்பு கிடைக்கிறது. ஸ்டீல் சூட்டைப் பரப்பாது, அடுப்புக்கு நேர் மேலே மட்டும் சுடும். பாகு இறுகும் நேரத்தில் அடி பிடித்துக் கசப்பேறும். 50 லிட்டரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரவே ஏறக்குறைய 650 கிராம் சமையல் கேஸ் ஆகும், வற்ற வைப்பது அதற்கு மேல்.

வெந்நீர் போடுவதற்கு மட்டும் என்றால் வெட்டலாம், அதுவும் கழுத்து மரை கெட்டுப்போன கெக்கை. கேஸ் முழுதும் நீங்கி, ஸ்பியரை எடுத்துவிட்ட பிறகுதான் கிரைண்டர் வைக்க வேண்டும். ஸ்டீலுக்கான வெட்டுத் தட்டு போடுங்கள், இரும்பு அறுத்த பழைய தட்டு துருவை ஒட்டிவிடும். விளிம்பை அரம் போட்டு மழுக்காவிட்டால் கையைக் கிழிக்கும். வால்வை ஆர்கான் வெல்டிங்கில் பற்றவைக்கச் சொல்லும்போது உட்பக்கமும் ஆர்கான் விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் உள்ளே கறுப்பாகப் பொரிந்து, அந்த இடத்தில்தான் முதலில் துரு வரும். வெல்டிங்கே வேண்டாம் என்றால் 22 மில்லிமீட்டர் துளை போட்டு, இருபக்கமும் சிலிக்கான் வாஷரோடு மரை முறுக்கும் வால்வு கிடைக்கிறது. சூட்டில் இளகும், மாதம் ஒரு தடவை முறுக்கிவிட வேண்டும்.

பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது ஸ்பியரைக் கழற்றி, ஓ ரிங்கைத் தனி டப்பாவில் போட்டு, கெக்கை இரண்டு கட்டையின் மேல் வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். கடற்காற்று படும் இடமானால் வெளிப்பக்கத்தை மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட வேண்டும். அடுத்த கோடைக்கு எடுத்ததும் கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். ஈர மண் வாடைகூட வரக் கூடாது. வந்தால் பெர்கார்பனேட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.